ரிட்டர்ன் ஏர் ஃபேனுக்கு விஎஃப்டி போட்டபின் ஓவர் வோல்டேஜ் டிரிப், மோட்டார் பேரிங்கும் போகிறது

மில்_எலக்ட்ரிக்கல் (வேடசந்தூர்) எழுதியது:

வணக்கம். வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட்டின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ரிட்டர்ன் ஏர் ஃபேன் ஒன்று, 22 கிலோவாட், 4 போல், 180எல் ஃபிரேம் மோட்டார், ஃபேன் நேராக ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கிறது. முன்பு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (ஸ்டார் இணைப்பில் கிளம்பி டெல்டாவுக்கு மாறுவது) ஓடியது. கரண்ட் பில் குறைக்கவேண்டும் என்று போன வருடம் விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், போட்டோம். இப்போது 42 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறோம், யூனிட் குறைந்தது கண்கூடாகத் தெரிகிறது, அதில் எனக்குக் குறையே இல்லை.

பிரச்சினை வேறு. முதலாவது, ஓவர் வோல்டேஜ் டிரிப். ஃபேனை நிறுத்தும்போது பெரும்பாலும் வருகிறது. அதாவது பரவாயில்லை, நிறுத்தத்தானே போகிறோம் என்று விட்டுவிடலாம், ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதே டிரிப் வருகிறது, அதுவும் விடிகாலையில் அதிகம். ஃபேன் நின்றால் டிபார்ட்மென்ட்டில் ஈரப்பதம் மாறி நூல் அறுந்துகொண்டே இருக்கும், சூப்பர்வைசர் நேராக என்னைத்தான் தேடி வருவார்.

இரண்டாவது, பேரிங். ஸ்டார் டெல்டாவில் ஓடிய காலத்தில் இந்த மோட்டாரில் பேரிங் மாற்றியதாக ரெஜிஸ்டரில் பதிவே இல்லை. டிரைவ் போட்ட சில மாதங்களிலேயே என்டிஇ பக்கம், அதாவது ஃபேன் இல்லாத பக்கம், ஒரு மாதிரி ஊளையிடும் சத்தம். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் கருகிக் கருப்பாக இருந்தது, வெளி ரேஸில் குறுக்காக வரிவரியாகக் கோடுகள், விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. புது பேரிங் போட்டோம், இப்போது மறுபடியும் அதே சத்தம் லேசாக ஆரம்பித்திருக்கிறது.

டிரைவ் பேனல் ரூமில் இருக்கிறது, மோட்டார் வரை கேபிள் 75 மீட்டர் இருக்கும். ஸ்டார் டெல்டாவுக்கு இழுத்திருந்த இரண்டு ரன் 3 கோர் 16 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் ஆர்மர்ட் கேபிளையே வைத்துக்கொண்டோம். டெல்டா இணைப்பைப் பேனலிலேயே போட்டு டிரைவ் அவுட்புட்டில் கொடுத்திருக்கிறோம். மோட்டாருக்கு எர்த், பக்கத்தில் உள்ள எர்த் பிட்டிலிருந்து ஜிஐ பட்டை. மோட்டார் ஏற்கனவே ஒருமுறை காயில் கட்டியது.

சர்வீஸுக்கு வந்தவர் டிரைவில் போர்டு போய்விட்டது, மாற்றவேண்டும் என்கிறார். விலையைக் கேட்டால் கொஞ்சம் சேர்த்துப் போட்டுப் புது டிரைவே வாங்கிவிடலாம் போல இருக்கிறது. போர்டு போயிருந்தால் மற்ற நேரமெல்லாம் எப்படி இவ்வளவு ஒழுங்காக ஓடும் என்று எனக்குச் சந்தேகம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கமிஷனிங்_கோவை எழுதியது:

நண்பரே, உங்கள் சந்தேகம் சரி. போர்டை இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஓவர் வோல்டேஜ் என்று டிரைவ் சொன்னால் முதலில் அதை நம்புங்கள், அது உள்ளே இருக்கும் டிசி பஸ்ஸை அளந்துதான் சொல்கிறது. அந்த வோல்டேஜ் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேடவேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். வரும் 415 வோல்ட் ஏசியை டயோடு பிரிட்ஜ் டிசி ஆக்குகிறது, கெபாசிட்டர் அதைப் பிடித்துவைக்கிறது, அதுதான் டிசி பஸ். லோடு இல்லாதபோது 415ஐ 1.414ஆல் பெருக்குங்கள், 587 வோல்ட் வரும். லோடில் 560 பக்கம் நிற்கும். 400 வோல்ட் கிளாஸ் டிரைவ்கள் பெரும்பாலும் 800 வோல்ட்டை ஒட்டித்தான் ஓவர் வோல்டேஜில் டிரிப் ஆகும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே. ஆக 200 வோல்ட்டுக்கு மேல் எங்கிருந்தோ ஏறியிருக்கிறது. அதற்கு இரண்டு வழிதான் உண்டு, ஒன்று மோட்டார் பக்கத்திலிருந்து, இல்லை லைன் பக்கத்திலிருந்து.

நிறுத்தும்போது வருவது மோட்டார் பக்கம். டிரைவ் ஃப்ரீக்வென்சியை இறக்குகிறது, ஆனால் அவ்வளவு பெரிய இறக்கை அதே வேகத்தில் இறங்குமா? இறங்காது, அது தன் வேகத்தில் சுற்றும், அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். அந்த மின்சாரம் டிரைவுக்குள்ளேயே திரும்பி வரும், டயோடு பிரிட்ஜ் வழியாக அது லைனுக்குப் போக வழி இல்லை, கெபாசிட்டரில்தான் போய் ஏறும். உங்கள் டிசெலரேஷன் டைம், அதாவது வேகத்தை இறக்கி நிறுத்த எடுக்கும் நேரம், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 10, 15 விநாடி என்று ஃபேக்டரி செட்டிங்கிலேயே விட்டிருந்தால் இந்தச் சைஸ் ஃபேனுக்குப் போதவே போதாது. 90 விநாடி, தேவைப்பட்டால் 120 வையுங்கள். இல்லையென்றால் ஸ்டாப் மோடை கோஸ்ட் என்று மாற்றுங்கள், ஃபேன் தானாக ஓய்ந்து நிற்கட்டும், அவசரமாக நிறுத்தவேண்டிய மெஷின் இல்லையே அது. அப்படித் திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், ஃபேனுக்கு அது தேவையில்லாத செலவு.

கோஸ்ட் வைத்தால் கூடவே ஒன்று செய்யவேண்டும். ஃப்ளையிங் ஸ்டார்ட், சில டிரைவில் ஸ்பீடு சர்ச் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பிளான்ட்டில் மற்ற ஃபேன்கள் ஓடும்போது நின்றுபோன ஃபேனைக் காற்றே சுற்றிவிடும், சில அமைப்பில் தலைகீழாகவும் சுற்றும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரில் டிரைவ் சைபரிலிருந்து ஆரம்பித்தால் ஓவர் கரண்ட்டோ ஓவர் வோல்டேஜோ நிச்சயம். ஃப்ளையிங் ஸ்டார்ட் முதலில் மோட்டாரின் வேகத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு திசையிலும் தேடும்படி செட்டிங் இருந்தால் அதையே வையுங்கள்.

ஓடும்போது வருவது லைன் பக்கம். உங்கள் டிரைவில் ஃபால்ட் ஹிஸ்டரிக்குள் போனால் டிரிப் ஆன நொடியில் டிசி பஸ் எவ்வளவு, அவுட்புட் ஃப்ரீக்வென்சி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள், டிரிப் ஆன நேரத்தையும் குறியுங்கள். விடிகாலையில் லோடு குறைந்து லைன் வோல்டேஜ் 440க்கு மேல் ஏறும் என்பது தெரியும், ஆனால் 445 வந்தாலும் பஸ் 630தான் ஆகும், அது மட்டும் டிரிப் செய்யாது. எனக்கு உங்கள் ஏபிஎஃப்சி பேனல் (பவர் ஃபேக்டரைச் சரிக்கட்டக் கெபாசிட்டரைத் தானாகச் சேர்க்கும், விலக்கும் பேனல்) மேல்தான் கண். கெபாசிட்டர் ஸ்டெப் உள்ளே விழும் நொடியில் லைனில் ஒரு ஸ்பைக் போகும், சோக், அதாவது கரண்ட் திடீரென ஏறாமல் தடுக்கும் காயில், இல்லாத டிரைவ் அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். டிரைவுக்கு முன்னால் லைன் சோக் இருக்கிறதா, இல்லை டிரைவுக்குள்ளேயே டிசி சோக் உள்ள மாடலா?

---

மில்_எலக்ட்ரிக்கல் (வேடசந்தூர்) எழுதியது:

ரொம்ப நன்றி சார். டிசெலரேஷன் 15 விநாடிதான் இருந்தது. 120 வைத்ததும் நிறுத்தும்போது வரும் டிரிப் நின்றேவிட்டது. ஃப்ளையிங் ஸ்டார்ட்டும் ஆன் செய்துவிட்டேன்.

ஹிஸ்டரியில் ஓடும்போது வந்த டிரிப் எல்லாவற்றிலும் ஃப்ரீக்வென்சி 42, கரண்ட் எப்போதும்போல, டிசி பஸ் மட்டும் 810க்கு மேல். நேரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் காலை ஷிஃப்ட் மாறி மெஷின்களை அடுத்தடுத்து ஸ்டார்ட் செய்யும் நேரம். ஏபிஎஃப்சி பேனல் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், கான்டாக்டர் டக் டக் என்று விழுகிறது, அப்படி ஒரு ஸ்டெப் விழுந்த அதே சமயத்தில் டிரைவ் டிரிப் ஆனதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அந்தப் பேனலில் ரியாக்டர் (கெபாசிட்டரோடு சீரிஸில் போடும் காயில்) எதுவும் கிடையாது, வெறும் கெபாசிட்டர்தான், 440 வோல்ட் ரேட்டிங், இரண்டு ஸ்டெப்பில் உப்பிப்போய் இருக்கிறது. டிரைவில் சோக் இல்லை, வெளியிலும் போடவில்லை.

---

கமிஷனிங்_கோவை எழுதியது:

அப்படியென்றால் விஷயம் முடிந்தது. டிரைவ் இன்புட்டில் 3 சதவீத லைன் சோக் போடுங்கள். 22 கிலோவாட்டுக்கு ஃபுல் லோடு 43 ஆம்ப்ஸ் என்று வைத்தால் ஒரு ஃபேஸுக்கு 0.5 மில்லிஹென்றி சுமாராக வரும், கரண்ட் ரேட்டிங் டிரைவ் இன்புட் கரண்ட்டுக்குக் குறையாமல் கேளுங்கள். ஸ்பைக்கை அது தாங்கிக்கொள்ளும். கூடவே இன்னொரு லாபம், சோக் இல்லாத 6 பல்ஸ் டிரைவ் இழுக்கும் கரண்ட்டில் ஹார்மானிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலந்துவரும் தேவையில்லாத கரண்ட்) 80 சதவீதத்தைக்கூடத் தாண்டும், சோக் போட்டால் 40 சதவீதம் அளவுக்கு இறங்கும்.

கெபாசிட்டர் உப்பியதும் தனிக்கதை இல்லை. இந்த டிரைவ் மட்டும் என்றில்லை, மில்லில் போட்டிருக்கும் எல்லா டிரைவும் 5ஆவது, 7ஆவது ஹார்மானிக்ஸைத் தள்ளுகின்றன, வெறும் கெபாசிட்டர் அவற்றை இழுத்துக்கொண்டு சூடாகிறது. அந்தப் பேனலுக்கு 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டர் போடவேண்டும். அப்போது ரெசோனன்ஸ் 189 ஹெர்ட்ஸில் போய் நிற்கும், 5ஆவது ஹார்மானிக் 250 ஹெர்ட்ஸ், அதைத் தொடாது. ஆனால் ஒன்று கவனம், ரியாக்டரை வாங்கிவந்து பழைய 440 வோல்ட் கெபாசிட்டரோடு சீரிஸில் போட்டுவிடக் கூடாது. 7 சதவீத ரியாக்டர் போட்டால் 415 லைனில் கெபாசிட்டர் மேல் 446 வோல்ட் நிற்கும், லைனே 440 ஏறினால் இன்னும் அதிகம். 525 வோல்ட் ரேட்டிங் கெபாசிட்டர் வாங்குங்கள். மேனேஜ்மென்ட் செலவுக்கு யோசித்தால் லைன் சோக்கை முதலில் போடுங்கள், கெபாசிட்டர் பேனலை அடுத்த பட்ஜெட்டில் வையுங்கள், ஆனால் உப்பிய ஸ்டெப் இரண்டையும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். வெடித்தால் பேனலே போய்விடும்.

பேரிங் பற்றி என்னைவிட மோட்டார் வேலை செய்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

---

காயில்_பட்டறை எழுதியது:

தம்பி, கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த வரிவரியான கோடு இருக்கிறதே, எங்களிடம் வரும் விஎஃப்டி மோட்டார்களில் அதை அடிக்கடி பார்க்கிறோம். ஃப்ளூட்டிங் என்பார்கள். கிரீஸ் சரியில்லை, அலைன்மென்ட் சரியில்லை என்று பலரும் பேரிங்கையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது பேரிங்கின் குற்றமே இல்லை, பேரிங் வழியாகக் கரண்ட் போகிறது.

நேரடி சப்ளையில் மூன்று ஃபேஸையும் கூட்டினால் எந்த நொடியிலும் சைபர். டிரைவ் கொடுப்பது சைன் வேவ் இல்லை, பல்ஸ், அதைக் கூட்டினால் சைபர் வராது. மீதி நிற்கும் அந்த வோல்டேஜ் ஸ்டேட்டரிலிருந்து ரோட்டருக்கு ஏறி ஷாஃப்டில் நிற்கும். ஷாஃப்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருப்பது பேரிங்கின் கிரீஸ் படலம் மட்டும்தான், அது தாங்குகிற வரை தாங்கும், தாங்காதபோது ஓட்டை போட்டுக்கொண்டு பொறி பாயும். ஒவ்வொரு பொறியும் ரேஸில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி. இது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறது. குழியெல்லாம் சேர்ந்து உருளும் பந்தின் அதிர்வால் வரிசை கட்டி வரியாகிறது, அதுதான் உங்கள் நகத்தில் தட்டியது. கிரீஸ் கருகியதும் அதனால்தான். மல்டிமீட்டரை ஷாஃப்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும்.

ஆனால் டிரைவ் போட்ட எல்லா மோட்டாரிலும் இவ்வளவு சீக்கிரம் போகாது. உங்களுடையதில் சீக்கிரம் போவதற்குக் காரணம் கேபிளும் எர்த்தும்தான் என்று நினைக்கிறேன். அந்த ஹை ஃப்ரீக்வென்சி கரண்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே, அதாவது டிரைவுக்கே, திரும்பிப் போகவேண்டும். நீங்கள் மோட்டாரை எர்த் பிட்டில் கட்டியிருக்கிறீர்கள். எர்த் பிட் 1 ஓம் காட்டலாம், அது 50 ஹெர்ட்ஸுக்கு. இந்தக் கரண்ட்டுக்கு 10 மீட்டர் ஜிஐ பட்டையே பெரிய தடை. அதற்குச் சுலபமான வழி வேறு இருந்தால் அதில் போகும், அந்தச் சுலபமான வழி ஷாஃப்ட், பேரிங், ஃபேன் ஸ்ட்ரக்சர் என்றுகூட அமைந்துவிடும்.

அதனால் புது பேரிங்குக்கு முன்னால் கேபிளை மாற்றுங்கள். விஎஃப்டிக்கு என்றே ஸ்கிரீன்டு காப்பர் கேபிள் கிடைக்கிறது, 3 கோர், எர்த் கண்டக்டர் மூன்றாகப் பிரிந்து சமமாக ஓடும், மேலே காப்பர் ஸ்கிரீன். 16 ஸ்கொயர் எம்எம் தாராளம். ஸ்கிரீனை இரண்டு முனையிலும் எர்த் செய்யவேண்டும், அதுவும் பன்றிவால் மாதிரி முறுக்கி ஒரு லக்கில் கட்டிவிடக் கூடாது, கிளாண்ட் ஸ்கிரீனைச் சுற்றிலும் 360 டிகிரி பிடிக்கவேண்டும். மோட்டார் டெர்மினல் பாக்ஸில் கிளாண்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள், இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஜிஐ பட்டையைக் கழற்றவேண்டாம், அது பாதுகாப்புக்கு இருக்கட்டும்.

அப்புறம் அந்த இரண்டு ரன் கேபிள். டெல்டாவைப் பேனலில் போடாதீர்கள், மோட்டார் டெர்மினல் பாக்ஸில் பித்தளை லிங்க் மூன்றையும் போட்டு அங்கேயே டெல்டா செய்யுங்கள், ஒரே கேபிள் போதும். இரண்டு கேபிள் ஓடும்போது கேபிள் கெபாசிட்டன்ஸ் கூடிப்போகிறது, எர்த்துக்கு ஒழுகும் கரண்ட்டும் கூடுகிறது.

75 மீட்டர் என்றீர்கள். டிரைவின் பல்ஸ் அவ்வளவு தூரம் போய் மோட்டாரில் மோதித் திரும்பும்போது டெர்மினலில் வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை ஏறும், 560 பஸ் என்றால் 1100ஐத் தாண்டும். புது இன்வெர்ட்டர் டியூட்டி மோட்டார் தாங்கும், அமெரிக்காவின் நீமா எம்ஜி1 பார்ட் 31 ஸ்டாண்டர்டு அதற்காகவே மோட்டாரின் ரேட்டட் வோல்டேஜைப்போல 3.1 மடங்கு பீக் தாங்கவேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் மோட்டார் காயில் கட்டியது, எந்தக் கம்பியில் கட்டினார்கள், ஃபேஸ் பேப்பர் ஒழுங்காக வைத்தார்களா என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். முதல் சில சுற்றுகளில்தான் அடி விழும், அங்கே டர்ன் டு டர்ன் ஷார்ட் ஆகும். டிரைவ் அவுட்புட்டில் ஒரு சோக் போடுங்கள், பல்ஸின் வோல்டேஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கும் டிவி டிடி ஃபில்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்தமுறை காயில் கட்டவேண்டி வந்தால் இன்வெர்ட்டர் கிரேடு கம்பி என்று கேட்டு வாங்குங்கள், வார்னிஷை மேலே ஊற்றிக் காயவைக்காமல் வேக்கம் பிரஷர் முறையில் ஏற்றச் சொல்லுங்கள்.

கேரியர் ஃப்ரீக்வென்சி, அதாவது டிரைவ் விநாடிக்கு எத்தனை முறை பல்ஸ் விடுகிறது என்பது, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். மோட்டார் கீச்சிடக் கூடாது என்று 8, 10 கிலோஹெர்ட்ஸ் வைத்திருப்பார்கள். ஃபேன் ரூமில் அந்தச் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது, 3 அல்லது 4 வையுங்கள். பேரிங்கில் பாயும் பொறியும் குறையும், டிரைவின் சூடும் குறையும்.

இதெல்லாம் செய்தும் சத்தம் வந்தால் ஷாஃப்டைத் தொட்டுக் கரண்ட்டைப் பாடிக்கு இறக்கும் ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங், இல்லையென்றால் செராமிக் பந்து போட்ட ஹைபிரிட் பேரிங். என்டிஇ பக்கம் இன்சுலேட்டட் பேரிங் மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது பெரிய மோட்டார்களில், 100 கிலோவாட்டுக்கு மேல், ஷாஃப்டிலேயே சுற்றி ஓடும் கரண்ட்டுக்கான மருந்து. உங்கள் சைஸில் நடப்பது டிஸ்சார்ஜ், ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கம் போகும். உங்கள் மில்லில் பஞ்சு பறப்பதால் கிரவுண்டிங் ரிங் போட்டாலும் அதன் இழைகளில் பஞ்சு சுற்றாமல் அடிக்கடி பார்க்கவேண்டும், எனக்கென்னவோ ஹைபிரிட் பேரிங்தான் அங்கே பொருத்தம்.

---

பேனல்_பில்டர்_கணபதி எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கவேண்டும். பழைய ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரை பைபாஸாக வைத்திருக்கிறீர்களா? பல மில்களில் டிரைவ் போனால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைப்பார்கள். டெல்டாவை மோட்டாரிலேயே கட்டி ஒரே கேபிள் ஆக்கிவிட்டால் அந்த ஸ்டார்ட்டர் வேலை செய்யாது, பைபாஸ் வேண்டுமென்றால் டிஓஎல் (நேராக ஃபுல் வோல்டேஜில் ஸ்டார்ட் செய்வது), இல்லையென்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர்தான். எதுவானாலும் டிரைவின் அவுட்புட் கான்டாக்டருக்கும் பைபாஸ் கான்டாக்டருக்கும் நடுவில் எலக்ட்ரிக்கல் இன்டர்லாக்கோடு மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் கட்டாயம். லைன் சப்ளை டிரைவின் அவுட்புட் டெர்மினல்களான யூ, வி, டபிள்யூவில் ஒரு நொடி ஏறினாலும் உள்ளே பல்ஸ் விடும் ஸ்விட்சான ஐஜிபிடி போய்விடும். ஓடும்போது அவுட்புட் கான்டாக்டரைத் திறக்கவும் கூடாது, முதலில் டிரைவை நிறுத்தவேண்டும்.

இன்புட்டில் 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் ஒழுகினால் விழும் பிரேக்கர்) இருந்தால் அதுவும் சும்மா சும்மா விழும். டிரைவின் இஎம்சி ஃபில்டரும் கேபிளும் எர்த்துக்குக் கரண்ட் ஒழுகவிடுவது இயல்பு. டிரைவுக்கு டைப் பி, 300 மில்லிஆம்ப்ஸ் போடவேண்டும்.

---

மெயின்டனன்ஸ்_முப்பது_வருடம் எழுதியது:

தம்பி, மில் மெயின்டனன்ஸிலேயே காலம் போனவன் நான். கேபிளும் சோக்கும் ஒருமுறை போட்டால் முடிந்தது. மில்லில் டிரைவைச் சாகடிப்பது தினமும் சேரும் பஞ்சுத் தூசிதான், அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

22 கிலோவாட் டிரைவ் ஃபுல் லோடில் 500, 600 வாட் சூடாக வெளியே தள்ளும். பூட்டிய பேனலுக்குள் ஒரு அயர்ன் பாக்ஸை ஓடவிட்டதற்குச் சமம். பேனல் ஃபேன் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட, வாட்டை 3.1ஆல் பெருக்கி எத்தனை டிகிரி ஏற விடலாமோ அதால் வகுங்கள், ஒரு மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று வரும். 600 வாட்டுக்கு 10 டிகிரி என்றால் 186. இது ஃபில்டர் சுத்தமாக இருந்தால். பஞ்சு அடைத்த ஃபில்டரில் பாதிக்கூட வராது, அதனால் பெரிய ஃபேனாகவே போடுங்கள். பெரும்பாலான டிரைவின் ரேட்டிங் 40 டிகிரிக்குத்தான், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்ட்டைக் குறைக்கவேண்டும். சித்திரையில் திண்டுக்கல் பக்கம் வெளியிலேயே 40 தொடும், பேனலுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி, டிரைவ் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

சுத்தம் செய்வதற்கு மில்லில் எல்லோரும் கம்ப்ரெஸ்டு ஏர் ஹோஸை எடுத்து 6 கிலோ பிரஷரில் அடிப்பார்கள். செய்யாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும், தூசி வெளியே போவதைவிடப் போர்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் ஈரம் சேர்ந்தால் அதுவே ஷார்ட் ஆகும். வேக்கம் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். ஹீட் சிங்க்கின் இறக்கைகளுக்கு நடுவில் பஞ்சு கம்பளி போலப் படிந்திருக்கும், ஃபேனைக் கழற்றி அடியிலிருந்து இழுத்து எடுக்கவேண்டும், மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். மாதம் ஒருமுறை ஹீட் சிங்க் டெம்பரேச்சரை டிரைவ் டிஸ்பிளேயில் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுங்கள், அதே லோடில் அது ஏறிக்கொண்டே போனால் டிரிப் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். கூலிங் ஃபேனை 3லிருந்து 5 வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள், நிற்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

திறக்கும் முன் சப்ளையை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, 10 நிமிடம் போகட்டும், மேனுவலில் 15 என்றிருந்தால் 15. டிஸ்பிளே அணைந்துவிட்டது என்று கையை வைக்கக் கூடாது. டிசி பிளஸ், மைனஸ் டெர்மினலில் மீட்டர் வைத்து 50 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்தபின்தான் தொடவேண்டும். பக்கத்தில் நிற்கும் ஹெல்பருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், 560 வோல்ட் டிசி பிடித்தால் விடாது.

மோட்டாருக்கு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்டர்) அடிக்கும்போது கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அடிக்கவேண்டும். கழற்றாமல் அடித்து டிரைவைப் போக்கியதைப் பல மில்களில் பார்த்திருக்கிறேன். அலுமினியம் கேபிளை டிரைவின் காப்பர் டெர்மினலில் கட்டியிருந்தால் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர்) இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அந்த இடம் லூசாகிக் கருகும். கேபிளை மாற்றும்வரையாவது வாரம் ஒருமுறை தெர்மல் கேமரா வைத்துப் பாருங்கள்.

---

மில்_எலக்ட்ரிக்கல் (வேடசந்தூர்) எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. லைன் சோக் போட்டாயிற்று, அதன்பின் கெபாசிட்டர் ஸ்டெப் எத்தனை விழுந்தாலும் டிரைவ் அசையவில்லை. கேரியர் 10 இருந்தது, 4 வைத்துவிட்டேன். ஸ்கிரீன்டு கேபிளுக்கும் அவுட்புட் சோக்குக்கும் இன்டென்ட் போட்டிருக்கிறேன், அது வந்ததும் பேரிங்கையும் ஹைபிரிட்டாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பார்த்தேன் ஐயா, நீங்கள் சொன்னபடியே அடியில் விரல் தடிமனுக்குப் பஞ்சு.

இன்னும் ஒரு கேள்வி. கேபிள் வேலைக்கு ஃபேனை நிறுத்தும்போது டிரைவையும் எடுத்து முழுதாகச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறேன். இதே மாடல், இதே சைஸ் ஸ்பேர் டிரைவ் ஒன்று ஸ்டோரில் பெட்டி பிரிக்காமல் 2 வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அதை நேராக மாட்டி ஓட்டலாமா?

---

கமிஷனிங்_கோவை எழுதியது:

நேராக மாட்டவேண்டாம். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெலிந்துபோகும், ஒரேயடியாக ஃபுல் வோல்டேஜ் கொடுத்தால் கெபாசிட்டர் சூடாகி வெடிக்கக்கூடும். ரீஃபார்மிங், அதாவது அந்தப் படலத்தை மெதுவாக மறுபடி உருவாக்குவது, செய்யவேண்டும். முதலில் உங்கள் டிரைவ் மேனுவலில் இதற்கென்று முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் பொதுவாகச் செய்வது இது: 1 வருடத்துக்குள் என்றால் ஒன்றும் வேண்டாம், 2 வருடம் வரை என்றால் மோட்டார் இணைக்காமல் ஒரு மணி நேரம் சப்ளை கொடுத்து வைத்தால் போதும், 2 வருடத்துக்கு மேல் என்றால் 3 ஃபேஸ் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து 25 சதவீத வோல்டேஜில் அரை மணி, 50இல் அரை மணி, 75இல் அரை மணி, கடைசியாக ஃபுல்லில் அரை மணி. 3 வருடம் தாண்டியிருந்தால் ஒவ்வொரு படியிலும் 2 மணி நேரம். கீழ்ப் படிகளில் டிஸ்பிளே எரியாது, அதைப் பார்த்து டிரைவ் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். வேரியாக் உங்களிடம் இல்லையென்றால் ரீவைண்டிங் பட்டறைகளில் டெஸ்ட் பெஞ்சில் இருக்கும், டிரைவை அங்கே எடுத்துப்போய்ச் செய்துவிடுங்கள்.

செய்த தேதியைப் பெட்டி மேல் எழுதி ஒட்டுங்கள், இனி வருடம் ஒருமுறை ஸ்பேருக்கு சப்ளை கொடுப்பதை மெயின்டனன்ஸ் ஷெட்யூலில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஓடும் டிரைவைக் கழற்றும் முன் கீபேடில் பாராமீட்டர் காப்பி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பேரில் ஏற்றியபின் மோட்டார் நேம்பிளேட் கரண்ட், டிசெலரேஷன் 120, ஃப்ளையிங் ஸ்டார்ட், கேரியர் 4, இந்த நான்கையும் கண்ணால் பார்த்துவிட்டே ரன் கொடுங்கள். முதலில் 5 ஹெர்ட்ஸில் ஓட்டி ஃபேன் சுற்றும் திசை சரியா என்று பார்த்தபின் 42க்கு ஏற்றுங்கள்.